கொட்டகைக்குள் ஒரு குன்று

மலையிலே பிறந்து வளர்ந்தவர்க்கு மலையேறப் பயிற்சிச் சுவர் எதற்கு? மகள் அப்படியொரு சுவர் வேண்டுமென்றபோது இறம்பொடையில் பலரும் கேட்ட வினா இது. 109 மீற்றர் உயர அருவி அருகிலிருப்பது உண்மையே. ஆயினும், நீர் வழிந்து பாசி படர்ந்த பாறை விரல்களைப் பழக்கும் இடமன்று. 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ற் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் சுவரேற்றமும் ஒரு போட்டியாயிற்று. இவற்றையெல்லாம் அறிந்த பெண்ணுக்கு என்ன மறுமொழி கூறுவது?

எங்கள் மோட்டார் வண்டிக் கொட்டகை பழைய கருங்கற் கட்டடம். சுண்ணாம்புக் காரை உதிர்கிறது. அதில் ஆணியறைந்து ஓர் உயிரைத் தொங்கவிட என் மனம் இசையவில்லை. ஆகவே தச்சர் ஒருவரின் துணையோடு, சுவரைச் சாராது தானே நிற்கும் மரச்சட்டம் அமைத்து, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை பொருத்தினோம். பலகை 30 பாகை முன்சாய்ந்து நிற்கும். நேர்ச்சுவரில் உடற்பாரம் கால்களிலே தங்கும். சாயச் சாய அது விரல்களுக்கு ஏறும். கூரை தாழ்ந்த கொட்டகைக்கு இதுவே தக்க உபாயம். பிடிகளைப் பழைய கதவுநிலைத் துண்டுகளிலிருந்து செதுக்கி, விளிம்புகளை உருட்டித் தேய்த்தோம். பனிமூட்டத்தில் பலகை ஊறாதிருக்கப் பின்புறமும் வார்னிஷ் பூசினோம். கீழே மெத்தைகளை இடைவெளியின்றி நெருக்கி வைத்தோம். இடுக்கில் கால் விழுந்தால் கணுக்கால் தப்பாது.

கால் வைக்காமல் விரல்களாலேயே ஏறும் பலகையை வொல்ஃப்காங் குல்லிக் என்ற ஜேர்மனியர் 1988இல் நூரன்பேர்க்கில் அமைத்தார். மகள் அதையும் கேட்டாள். எலும்பு வளரும் பருவத்தில் அது விரல் மூட்டுகளைக் கெடுக்கும். ஆதலால் கண்டிப்பாய் மறுத்தேன். இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

என் தாயாரோ வேறொன்று கேட்டார். முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர் அவர். “ஏன் புள்ள, கூடையுமில்ல, கொழுந்துமில்ல, பேர்க்காசுமில்ல. எதுக்கு ஏறுற?”

“சும்மாதான் அப்பாயி” என்றாள் மகள்.

வயிற்றுக்காகவே மேடேறிய ஒருவருக்கு அச்சொல் எப்படி இருந்திருக்கும்! அன்று அவர் எழுந்து போய்விட்டார். ஒரு கிழமை கழிந்தபின் தேநீர்க் கோப்பையுடன் வந்து முக்காலியில் அமர்ந்தார். மகள் கைகளால் மட்டும் இழுத்து ஏறித் தவறுவதைச் சற்று நேரம் பார்த்திருந்து, “மொதல்ல காலப் பாத்து ஊனு, கை அப்புறம்” என்றார். நூல்கள் கூறுவதும் அதுவே.

மோட்டார் வண்டி இப்போது வெளியே மழையில் நிற்கிறது.