மோவாய் திரும்பி வந்த கதை

மோவாய் என்னுடையதுதான், ஆயினும் சென்ற ஆண்டில் சில மாதங்கள் அது எனக்குச் சொந்தமாயிருக்கவில்லை.

வளரும் பருவத்தில் என் கீழ்த்தாடை சற்றே முந்திக்கொண்டது. முன்பற்கள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. முறுக்கைக் கடைவாயில் வைத்துத்தான் கடிப்பேன். தில்லிக்குப் படிக்க வந்த இடத்தில், ஆகஸ்டு மாதம், அறுவைக்குத் துணிந்தேன். தாடையெலும்பை இருபுறமும் நெடுக்காகப் பிளந்து, பின்னே நகர்த்தி, திருகாணியிட்டுப் பொருத்துகிறார்கள். டிரௌனர், ஓப்வெகெசர் என்ற இருவர் 1957-இல் உலகறியச் செய்த முறை இது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. அது நொந்தால் மரத்துப் போகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே ஆயிற்று. முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. ஆகவே சிரிக்க முடிந்தது. சிரித்தது உதட்டுக்குத்தான் தெரியவில்லை!

உணவுக்கூடத்தில் ரசம் வழிந்தால், எதிரே இருக்கும் நண்பன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவான், நான் துடைத்துக்கொள்வேன். அதுகூடப் பெரிதல்ல. என்னைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த அம்மா ஊர் திரும்பும் நாளன்று, ரயில் ஜன்னல் வழியே கை நீட்டி என் மோவாயைப் பிடித்து, "பாத்துச் சாப்பிடு ராசா" என்றாள். விரல் பட்டதைக் கண்ணால் கண்டேன், உணரவில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

அறுந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும் என்று படித்தேன். இயற்பியல் மாணவன் அளக்காமல் இருப்பானா? ஞாயிறுதோறும் பஞ்சுத் திரியால் வருடிப் பார்த்து, மரத்த பகுதியின் எல்லையைப் பேனாவால் குறித்தேன். இரண்டு மாதம் கோடு நகரவேயில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் எறும்பு ஊர்ந்தது. தட்டினேன், எறும்பில்லை. நரம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்குமாம். பிறகு குத்தல், பிறகு எரிச்சல். ஜனவரிக் குளிரில் சவரம் செய்கையில் கத்தி கீறியது. "வலிக்கிறது!" என்று கூவினேன். ஓடி வந்த அறைத்தோழன், ரத்தம் வழியச் சிரித்து நிற்பவனைக் கண்டு திகைத்தான்.

மே விடுமுறையில் ஊருக்குப் போனேன். வாசலிலேயே அம்மா மோவாயைப் பிடித்தாள். அரிவாள்மனை கிழித்த தழும்பு அவள் விரலில் ஒன்று உண்டு. அதன் சொரசொரப்புக்கூடத் தெரிந்தது. இடப்புறம் காசளவு இடம் மட்டும் மரத்தபடியே இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்போதுதான் ரயிலடி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றாள் அம்மா.