பெயர்த்து நடுகிற கைகள்

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற பக்கமெல்லாம் எலுமிச்சைத் தோட்டங்கள். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சை விளைகிற வட்டாரம் இது. அங்கே ஒரு தோட்டத்தில், காய்ப்பில் இருந்த எலுமிச்சை மரத்தை இடம் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்கு வானம் தோண்ட வேண்டிய இடத்தில் மரம் நின்றது. வெட்ட மனம் வராத உரிமையாளர், இந்த வேலை தெரிந்த நால்வரை அழைத்திருந்தார்.

நான் பார்த்தது மரத்தைத் தூக்குகிற நாள். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஆனால் சங்கரநாராயணர் கோயில் ஆடித்தபசு முடிந்த கையோடு அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது மரத்தின் பாதிச் சுற்றுக்கு மட்டும் பள்ளம் பறித்து, வேரை அறுத்து, மட்கிய எருவும் மணலும் போட்டு மூடியிருக்கிறார்கள். மறுபாதியை ஒரு மாதம் கழித்து அறுத்திருக்கிறார்கள். “ஒரேயடியா அறுத்தா மரம் தாங்காது அண்ணாச்சி. ஒரு பக்கம் அறுத்தா மறுபக்கம் தண்ணி குடிக்கணும்லா” என்றார் மூத்தவர்.

மரத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவை மெல்லிய நுனி வேர்கள். அவை கிளை விரிவையும் தாண்டி வெகுதூரம் ஓடியிருக்கும்; அவ்வளவையும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. முன்கூட்டியே அறுத்தால் தூருக்குப் பக்கத்திலேயே புது வேர் விடும். அந்தப் புது வேர்தான் புது இடத்தில் மரத்தைக் காப்பாற்றும்.

அடிமரம் 10 சென்டிமீட்டர் தடிமன். அதற்கு ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்கட்டு எடுத்தார்கள். எடை முக்கால் டன்னாவது இருக்கும். செம்மண் காய்ந்தால் உதிரும் என்பதால் முந்தைய நாளே ஈரம் பண்ணியிருந்தார்கள். நனைத்த சாக்கைச் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினார்கள். எகிப்தில் தேர் எல்-பஹாரி கோயில் சுவரில், அரசி ஹாட்ஷெப்சுட்டின் ஆட்கள் புன்ட் நாட்டு நறுமண மரங்களை வேரோடு கூடையில் சுமந்து வருகிற சிற்பம் இருக்கிறது. ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன்பே மரத்தை அதன் மண்ணோடு கொண்டுபோக வேண்டும் என்று அறிந்திருக்கிறார்கள்.

கிழக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார் இளையவர். வெயிலுக்குப் பழகிய பக்கம் புது இடத்திலும் அதே திசை பார்க்க வேண்டும். காய்களைப் பறித்து, கிளைகளைக் கழித்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினார்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். கிரேன் பெல்ட்டை மண்கட்டுக்கு அடியில்தான் மாட்டினார்கள். அடிமரத்தில் மாட்டினால் பட்டை உரிந்துவிடும்.

புதுக் குழியில் முன்னமே தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்து வைத்திருந்தார்கள். மரத்தை இறக்கியதும் குழிக்குக் குறுக்கே ஒரு கம்பை வைத்து, பழைய மண்மட்டம் அதோடு ஒத்துப்போகிறதா என்று மூத்தவர் குனிந்து பார்த்தார். “ஆழமாப் போச்சுன்னா தூரு அழுகிரும்.” எலுமிச்சைக்குத் தூரழுகல் எமன்.

தை மாதம் மறுபடி போனேன். இலையெல்லாம் கொட்டியிருந்தது. மூத்தவர் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே பச்சை. கிளைக் கணுக்களில் தளிர் புறப்பட்டிருந்தது. இந்த வருஷம் பூக்கிற பூவைக் கிள்ளிவிடச் சொன்னார். காய்ப்புக்குப் போகிற சத்து வேருக்குப் போகட்டும் என்றார்.

கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். தூக்குகிற நாளுக்கு ஆள் கூலியும் கொடுக்கிறோம். வேர் அறுக்க முன்பே வந்து போனதற்கும், தூர் காய்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்று பிறகு வந்து பார்ப்பதற்கும் தனிக்கூலி யாரும் தருவதில்லை என்றார்கள் அந்த நால்வரும். மரம் பிழைப்பது அந்த நாட்களில்தான். மரத்தைப் பெயர்த்து நட நினைப்பவர்கள் ஒரு வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். தூக்கி வைத்ததோடு கணக்கை முடித்தால், பட்டுப்போகப் போகிற மரத்துக்குத்தான் அத்தனை பணமும் செலவழித்திருப்போம்.