ஏழாயிரம் ரூபாய் பேண்ட்

கல்யாணப் பந்தியில் எல்லாரும் தரையில் உட்கார, நான் மட்டும் நாற்காலி கேட்பதைப் பார்த்து "சாருக்கு வயசாயிடுச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. வயசும் ஆகிவிட்டதுதான். ஆனால் என் வலது முட்டி மடங்காமல் போனதற்கும் வயசுக்கும் சம்பந்தமில்லை. 1987-ல் நான் போட்டிருந்த ஒரு டெரிகாட்டன் பேண்ட் செய்த வேலை அது.

அப்போது நான் கால்நடை ஆய்வாளர். தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போவேன். வண்டி பழைய ராஜ்தூத். தை மாதம். அறுப்பு காலத்தில் நம் பக்கம் ரோடுதான் களம் என்பது உங்களுக்குத் தெரியும். கேழ்வரகுக் கதிரையும் சோளக் கதிரையும் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கட்டும் என்று புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். கதிர் மேல் ஏறியதும் பின் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, நான் வலது பக்கமாக விழுந்து பத்துப் பன்னிரண்டு அடி இழுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான் விபத்து. எலும்பு முறியவில்லை, தலையில் அடி இல்லை. களத்து ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஐஸ் பெட்டி உடைந்ததுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிய கவலை. அத்தனை மருந்துக்கும் கணக்கு எழுத வேண்டுமே!

கீழே பார்த்தால் முட்டியில் பேண்ட் இல்லை. கிழிந்து தொங்கவும் இல்லை. டெரிகாட்டனில் பருத்தியோடு பாலியஸ்டர் நூல் கலந்திருக்கும். தாரில் உரசும் சூட்டில் பாலியஸ்டர் உருகும். உருகியது கறுப்பாகச் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இடுக்கி வைத்து ஒவ்வொரு துணுக்காக எடுத்தார்கள். மாட்டுக்குக் காயம் கழுவிப் பழகிய கை என்னுடையது. அன்றைக்குத்தான் மாடு ஏன் உதைக்கிறது என்று தெரிந்தது. புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறினபோது தோல் சுருங்கித் தழும்பாக இறுகிவிட்டது. அதிலிருந்து சம்மணம் போட முடியாது. என் மகளை நாற்காலியில் உட்கார்ந்துதான் தாரை வார்த்துக் கொடுத்தேன். அந்த போட்டோவை இன்றைக்கும் நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

அந்த மகளின் பையன்தான் இப்போது கதைக்கு வருகிறான். ஓசூரில் வேலை. முதல் வருடச் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கினான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஆத்தூர் என்று ஓட்டிக்கொண்டு சின்னசேலம் வந்துவிடுவான். சேலம் – உளுந்தூர்பேட்டை சாலை நாலு வழியாக வந்து, புறவழிச்சாலைகளில் இரண்டு வழியாகச் சுருங்கிய இடங்களில் என்னென்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு ஆலைக் காலத்தில் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும் கரும்பு டிராக்டர்கள் வேறு. அவன் வருகிற சனிக்கிழமை இரவெல்லாம் அவன் ஆயா வாசல் விளக்கை அணைக்க மாட்டாள்.

போன பங்குனியில் வந்தவன், "தாத்தா, ரைடிங் ஜீன்ஸ் வாங்கணும், ஏழாயிரம் ஆவும்" என்றான்.

"ஏழாயிரத்துக்கு ஒரு கிடா வாங்கலாம்டா. ஏற்கெனவே நாலு ஜீன்ஸ் வச்சிருக்கியே, சாக்கு மாதிரி தடியா?"

"அது சும்மா பருத்தி தாத்தா. ரோட்டுல தேச்சா ஒரு செகண்டு தாங்காது. உங்க முட்டி என்ன ஆச்சுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஜீன்ஸ் தடியாக இருப்பதால் காக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மறுநாள் நானும் அவனோடு சேலம் போனேன். பஸ்ஸில்தான்! அவன் வண்டியில் வந்தான்.

போவதற்கு முன் அவன் போனில் காட்டியதையும் நானாகத் தேடிப் படித்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிற பேரப்பிள்ளைகள் உங்களுக்கும் இருப்பார்கள்.

கால்நடைக்காரன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது தோல். பந்தய வண்டி ஓட்டுபவர்கள் இன்றைக்கும் தோல் உடைதான் போடுகிறார்கள். உராய்வைத் தாங்குவதில் மாட்டுத் தோலுக்கு இணையானது குறைவு. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில்தான். ஆனால் நம் சித்திரை வெயிலில் தோல் பேண்ட் போட்டு ஆத்தூர் தாண்டுவதற்குள் ஆள் அவிந்துவிடுவான். அதனால்தான் இந்த ஜீன்ஸ். வெளியே பார்த்தால் சாதாரண ஜீன்ஸ், உள்ளே அராமிட் என்ற நாரில் நெய்த துணி. கெவ்லார் என்று சொல்கிறார்களே, அது அந்த வகைதான். 1965-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி க்வாலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தது. டயருக்குள் வைக்க லேசான, உறுதியான நார் வேண்டும் என்று தேடும்போது கிடைத்ததாம். அது குண்டு துளைக்காத சட்டைக்குப் போய், இப்போது பேரனின் பேண்ட்டுக்கு வந்திருக்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: அராமிட் உருகாது. உருகி முட்டியில் ஒட்டாது. இன்னொரு வகையில், உள்துணி தனியாக இல்லாமல் ஜீன்ஸ் நூலோடேயே உறுதியான நாரைக் கலந்து ஒரே அடுக்காக நெய்திருப்பார்கள். அதில் காற்று ஓட்டம் கூடுதல், விலையும் கூடுதல்.

நம் சட்டத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று இருக்கிறது. பின்னால் உட்காருபவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பாதிச் சக்கரத்தையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. சேலையை யோசித்தவர்கள் பேண்ட்டை யோசிக்கவில்லை! அதனால் ஐரோப்பாக்காரர்களின் தர முத்திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இஎன் 17092 என்று எண். அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்கு வரிசை. ஏஏஏ தான் அதிக உராய்வைத் தாங்கும். பி என்று இருந்தால் துணி உராய்வைத் தாங்கும், ஆனால் முட்டியில் காப்பு அட்டை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சேலத்துக் கடையில் சுவர் முழுக்க ஜாக்கெட்டும் பேண்ட்டும். சென்னையில் வண்டி செய்கிற ராயல் என்ஃபீல்டே இப்போது சவாரி உடைகளும் விற்கிறது. மும்பையின் ரைனாக்ஸ், பெங்களூரின் வியாட்டெரா என்று நம் நாட்டுக் கம்பெனிகளே பல வந்துவிட்டன. பேரன் நேராகப் போய் எடுத்தது கால் சட்டை மாதிரி இறுக்கமான ஒன்று. அட்டையில் கெவ்லார் என்று கொட்டை எழுத்து. நான் அதை வாங்கி உள்புறம் வெளியே வரத் திருப்பினேன். ஆட்டுக்குட்டி வாங்கினாலும் பல்லைத் திறந்து பார்த்தே பழக்கம். முட்டியிலும் உட்காரும் இடத்திலும் மட்டும் மஞ்சள் துணி ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. இடுப்பின் பக்கவாட்டில், தொடையின் வெளிப்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"இங்கதான்டா நான் விழுந்தேன்" என்று என் தொடையைத் தட்டிக் காட்டினேன். கடைத் தம்பி சிரித்தான்.

அடுத்தது இன்னொன்று. "சார், இது சிஇ சர்ட்டிஃபைடு" என்றான் தம்பி. எங்கே என்று கேட்டால் முட்டி அட்டையை உருவிக் காட்டினான். அட்டைக்குத்தான் முத்திரை, பேண்ட்டுக்கு இல்லை. இது பெரிய ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அந்தத் தம்பிக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பேண்ட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் துணிச் சீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆள் படமும், பக்கத்தில் ஏ அல்லது ஏஏ என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அட்டைக்குத் தனி எண், இஎன் 1621. அதில் லெவல் 1, லெவல் 2 என்று உண்டு. ஒரே அடியில் உடம்புக்குப் போய்ச் சேரும் விசை லெவல் 1-ல் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை போகலாம், லெவல் 2-ல் 20-க்குள் இருக்க வேண்டும். வித்தியாசம் சின்னதில்லை.

மூன்றாவதாக எடுத்ததில் ஏஏ சீட்டு இருந்தது. முட்டிக்கும் இடுப்புக்கும் அட்டை இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். அழகாகத்தான் இருந்தது. "கண்ணாடிக்கு முன்னாடி யார்றா வண்டி ஓட்டுறாங்க? கீழ போயி உன் வண்டியில உக்காரு" என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர், சரி என்றார். உட்கார்ந்து காலை மடக்கியதும் பேண்ட் மேலே ஏறியது. நிற்கும்போது சரியாக முட்டியில் இருந்த அட்டை தொடைக்குப் போய்விட்டது. முட்டி வெறுமனே நின்றது. அட்டைப் பையைக் கீழே இறக்கிக்கொள்ள உள்ளே ஒட்டும் பட்டை இருந்தது. இரண்டு விரற்கடை இறக்கினோம். இப்போது நிற்கும்போது அட்டை முட்டிக்குக் கொஞ்சம் கீழே அசிங்கமாகத் தெரிந்தது, உட்கார்ந்தால் முட்டியைக் கவ்வியது. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு அளவு பெரியதாகவும், உயரம் கொஞ்சம் நீளமாகவும் எடுக்கச் சொன்னேன். பில் ஏழாயிரத்து நானூறு. பாதி நான் கொடுத்தேன்.

நீளம் ரொம்பவே அதிகம் என்று ஊருக்கு வந்ததும் நம் தையல்காரரிடம் கொடுத்தோம். மறுநாள் போனால், "சார், இது இன்னா துணி? கத்தரிக்கோலு மொண்ணையாயிடுச்சு, ஊசி ரெண்டு போச்சு" என்று சண்டைக்கு வந்தார். அராமிட்டை வெட்டுவது கஷ்டம் என்று படித்திருந்தேன், அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். மடித்து மட்டும் தைத்துக் கொடுத்தார். ஊசிக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்.

துவைப்பதில் அடுத்த சண்டை. அவன் ஆயா அட்டையோடேயே சோப்புத் தூளில் ஊறவைத்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் உள்புறம் திருப்பிக் காயப்போட்டுவிட்டாள். அராமிட்டுக்கு வெயிலும் ஆகாது, பிளீச்சிங் கலந்த எதுவும் ஆகாது, நாரின் பலம் குறையும். அட்டையை எடுத்துவிட்டு, லேசான சோப்பில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். "துணியக் காயப்போட வெயிலு ஆவாதாம், இதென்ன மருந்துச் செடியா" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆவணியில் நண்பர்களோடு வெள்ளிமலைக்குப் போனான். கோமுகி அணை தாண்டி மலையேறும் ரோடு, கரியாலூர் வரை போய்விட்டு இறங்கும்போது மழைத் தூறல். வளைவில் சரளை. வலது பக்கமாகவே விழுந்திருக்கிறான். வீட்டு வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு 1987 ஞாபகம் வந்து கால் நடுங்கியது. உள்ளே கூட்டிப் போய் நானே பேண்ட்டைக் கழற்றினேன். தொடைப் பக்கம் ஜீன்ஸ் துணி தேய்ந்து, உள்ளே மஞ்சள் நார் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தது. ஓட்டை விழவில்லை. முட்டி நீலம் பூத்து வீங்கியிருந்தது. தோல் அப்படியே இருந்தது. நான் அந்த முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வலிக்குது தாத்தா, வுடுங்க" என்றான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பேண்ட் உயிரைக் காக்கும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம். உயிருக்கு ஹெல்மெட்டும் நிதானமும்தான். பேண்ட் காப்பது தோலை. அடிபட்ட அட்டையை மாற்ற வேண்டும், தேய்ந்த பேண்ட்டை இனி ரோட்டுக்கு நம்பக் கூடாது. அதனால் ஏழாயிரத்து நானூறும் போச்சு என்றுதான் வையுங்கள். எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அவன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. விழும்போது யாரும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கொண்டு வந்த அவன் ஆயாவிடமிருந்து கிண்ணத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவினேன். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் திரும்பி, "ஏங்க, சேலம் வரைக்கும் போனீங்களே, கைக்கு ஒன்னும் விக்கலையா அங்க?" என்றாள்.

விற்கிறார்கள். கை ஆறட்டும், அடுத்த ஞாயிறு போகிறோம்.