மின்சாரம் நிற்கும் நிமிடத்துக்கான கணக்கு

பிப்ரவரி 2

கூடத்துக் கடல்மீன் தொட்டியின் அளவு முடிவாகிவிட்டது. நீளம் 120 செ.மீ., அகலம் 60, உயரம் 60. விளிம்புவரை நிரப்பினால் 432 லிட்டர். வருகிறவர்கள் பார்க்கப்போவது அதைத்தான். மீன்கள் உயிரோடு இருப்பதும் சாவதும் ஸ்டாண்டுக்குள் உட்காரப்போகும் சம்ப்பை, அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டியைப் பொறுத்தது. அதற்கு 90 × 40 × 40 செ.மீ. ஒதுக்கியிருக்கிறேன்.

பவளம் வைக்கப்போவதில்லை. பாறை கட்டும் பவளங்களுக்குச் சட்டத்தில் புலிக்குள்ள அதே பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் உடைத்தெடுத்த துண்டு எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்க முடியும் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் செய்துகாட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி எனக்குப் போதும்.

பிப்ரவரி 5

இன்று சம்ப்பில், நுரைவழியாக அழுக்கை நீக்கும் ஸ்கிம்மருக்கான அறை. நன்னீரைவிடக் கடல்நீரில் குமிழிகள் பொடிப்பொடியாக உருவாகி, ஒன்றோடொன்று சேராமல் நெடுநேரம் நிற்கும். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் புரதம் அவற்றில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறிக் கோப்பையில் விழுகிறது. அழுகி அம்மோனியாவாக மாறும் முன்பே அழுக்கு வெளியே போய்விடுகிறது. ஆனால் அந்த அறையில் நீர்மட்டம் ஆடக் கூடாது. ஏறினால் கோப்பையில் வெறும் தண்ணீர் நிறையும். இறங்கினால் நுரையே ஏறாது. வாங்கப்போகும் ஸ்கிம்மருக்கு 25 செ.மீ. ஆழம் வேண்டும். முதல் தடுப்புக் கண்ணாடியின் உயரமும் அதுதான்.

பிப்ரவரி 9

நாள் முழுக்க ஒரே கேள்வி: மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?

பம்ப் ஓடும்வரை மேலே போகிற தண்ணீரும் கீழே வருகிற தண்ணீரும் சமம். பம்ப் நின்றதும் மேல்தொட்டியில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேலே நிற்கும் தண்ணீர் முழுதும் கீழே இறங்கும். அது 2 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 120 × 60 பரப்புக்குச் சுமார் 14 லிட்டர். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பதைச் சேர்த்தால் 20.

இதோடு முடியாது. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அது சைஃபனாகத் திரும்பி மேல்தொட்டியை உறிஞ்சும். வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 72 லிட்டர்! சம்ப் 25 செ.மீ. மட்டத்தில் ஓடினால் அதில் மிஞ்சும் இடம் 54 லிட்டர்தான். மீதி 18 லிட்டர் உப்புத்தண்ணீர் தரையில், ஸ்டாண்டுக்குள் இருக்கும் பிளக்குகளுக்கு நடுவில்.

ஆகவே ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்தை ஒட்டினாற்போல் உயர்த்தினேன். அதற்குச் சற்று மேலே, மட்டத்துக்கு மிக அருகில், குழாயில் ஒரு சிறு துளை. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும், அவ்வப்போது குத்திவிட வேண்டும். செக் வால்வு போட்டால் போதும் என்பவர்கள் உண்டு. அதற்குள் சுண்ணாம்பு படிந்தாலோ ஒரு நத்தைக்குஞ்சு சிக்கினாலோ வால்வு மூடாது. நான் அதை நம்பமாட்டேன்.

பிப்ரவரி 16

கொளத்தூர். வண்ணமீன் கடைகளுக்கு நடுவே தொட்டி ஒட்டுகிற கண்ணாடிக்காரரிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். விரலால் தடுப்புகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். “மூணு தடுப்பு எதுக்கு சார்? ரெண்டு போதுமே.” முதல் தடுப்பின் மேலாகத் தண்ணீர் வழியும், இரண்டாவதன் அடியில் நுழையும், மூன்றாவதன் மேலேறிப் போகும், பொடிக்குமிழிகள் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்றேன். இடைவெளி 3 செ.மீ. மணிக்கு 1,700 லிட்டர் பாய்ந்தாலும் அந்தச் சந்தில் வேகம் நொடிக்கு 4 செ.மீ. அளவில்தான் இருக்கும். கேட்டுவிட்டு, தடுப்புகளின் விளிம்பையும் தேய்த்துத் தருவதாகச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். கைவேலை தெரிந்தவர்.

சிலிகான் மட்டும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும் என்று இரண்டுமுறை சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20

நடு அறையில் பயோ மீடியாவும் கீட்டோமார்ஃபா பாசியும். பாசி நைட்ரேட்டை உண்டு வளரும். மாதாமாதம் அள்ளி எறியலாம். அதன் விளக்கு இரவில் எரிந்தால், மேல்தொட்டி இருட்டில் இருக்கும்போது பி.எச். இறங்குவது குறையும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். அந்தக் குறைவு முழுதும் கடைசி அறையில்தான் தெரியும். 25 × 40 செ.மீ. அறையில் ஒரு செ.மீ. இறங்கினால் ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள். அதை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும், உப்புத்தண்ணீரால் அல்ல. மிதவை சுவிட்சை அங்கே பொருத்தியாயிற்று. சித்திரை வெயிலுக்குச் சில்லர் குழாய்க்கும் இடம் விட்டிருக்கிறேன். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் காற்று மட்டும் தண்ணீரை 27 டிகிரிக்குக் கொண்டுவராது.

மார்ச் 1

உப்பு சேர்க்காமல் வெறும் தண்ணீரில் ஓட்டினோம். சம்ப்பின் கண்ணாடியில் 25 செ.மீ.யில் மார்க்கர் கோடு. மகள் மெயினை அணைத்தாள். மேலே சலசலப்பு நின்றது, ரிட்டர்ன் துளையில் காற்று புகும் சத்தம் கேட்டது, சம்ப் மட்டம் மெல்ல ஏறி 30.5-இல் நின்றது. அங்கே இரண்டாவது கோடு போட்டோம். மறுபடி மெயினைப் போட்டதும் பம்ப் தானாகக் கிளம்பியது.

சம்ப் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உப்பு வாங்குவதற்கு முன், மீன் வாங்குவதற்கு வெகு முன், நல்ல தண்ணீரை நிரப்பி நீங்களே மெயினை அணைத்துப் பாருங்கள். ஒருமுறை போதாது, பகலில் ஒருமுறை, வீட்டில் எல்லாரும் தூங்கப்போகும் முன் ஒருமுறை. தரை காய்ந்திருந்தால் மட்டும் உப்பைக் கரையுங்கள்.