ஒரே இயந்திரம், இரண்டு பெயர்

தமிழிலே 'பங்காளிக் காய்ச்சல்' என்றொரு சொற்றொடர் உண்டு. எங்கோ இருக்கும் அந்நியன் ஒருவன் மாளிகை கட்டினால் நமக்கு உறக்கம் கெடுவதில்லை. அடுத்த வளவிலே சிற்றப்பன் மகன் மதிலுக்கு வெள்ளை பூசினாலோ இரவு முழுவதும் புரண்டு படுக்கிறோம். ஒரே கொடியிற் பூத்தவர்களுக்கிடையே எழும் வெப்பம் அது. ஆனால், அதே தமிழ்க் குடும்பத்திலேதான் மைத்துனர் கேலியும் இருக்கிறது. மச்சான் மச்சானை எவ்வளவு இழிவாகப் பேசினாலும் அதிலே நஞ்சு இல்லை. பேசாமல் இருந்தால்தான் ஏதோ பிழை என்று பொருள். இரண்டும் போட்டியே. எனினும் ஒன்று வீட்டைச் சுடும் நெருப்பு. மற்றது குளிருக்கு இதமான நெருப்பு.

இந்த வேறுபாட்டை நான் நூல்களிற் கற்கவில்லை. கல்முனையில் ஓடிய இரண்டு பழைய மோட்டார் வண்டிகளிடம் கற்றேன்.

ஒன்று, பாண்டிருப்பில் வாழ்ந்த என் தாய்மாமனுடைய மொரிஸ் மைனர். மாமா பள்ளி ஆசிரியர். மற்றது, கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அண்மையில் வாழ்ந்த துணி வியாபாரியான ஹாஜியார் ஒருவரின் ஒஸ்டின் ஏ 35. எங்கள் வீட்டிலே 'ஹாஜியார்' என்றால் அவர் ஒருவரையே குறிக்கும். மாமாவை அவர் 'மாஸ்டர்' என்பார். இருவரும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், ஜும்மாத் தொழுகையும் சாப்பாடும் முடிந்தபின், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடை முன்னே வண்டிகளை அருகருகே நிறுத்துவார்கள். அவ்வளவுதான், கச்சேரி தொடங்கிவிடும்.

"மாஸ்டர், உங்கட காரு வெட்டி ஒட்டின சாமானாமே! அதுதானே மூக்கில தழும்பு!"

"வெட்டினபடியாத்தான் ஹாஜியார், நாலு பேர் வசதியா இருக்கலாம். உங்கட காருக்குள்ள ஏறினா முழங்கால் வாய்க்குள்ள வருது!"

ஹாஜியார் சொன்னது வெறும் கேலியன்று. மொரிஸ் மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றியதால் அதனை நடுவே நெடுக்காக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த அறுவைச் சிகிச்சையின் நினைவுச் சின்னம். 1948 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிடப்பட்ட அவ்வண்டியைக் கண்டு, நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவே 'உடைத்து வேகவைத்த முட்டை' போலிருக்கிறது என்று முகஞ் சுளித்தாராம். ஆயினும் அந்த முட்டைதான் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதற் பிரித்தானிய வண்டியாயிற்று. பிற்காலத்தில் அதற்கான உதிரிப்பாகங்கள் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டு, இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. இதை மாமா சொல்லும்போது, அவருடைய நெஞ்சும் நான்கு அங்குலம் அகலும்.

மைனருடைய சுக்கானின் நேர்த்தியை மாமா புகழ்வார். தன் வண்டியின் எடை குறைவென்பதை ஹாஜியார் புகழ்வார். மாமாவின் வண்டியிலே திரும்பும் திசையைக் காட்ட, பக்கத்திலிருந்து செம்மஞ்சள் விளக்குடன் ஒரு சிறு கைகாட்டி எழும்பும். ஒஸ்டினிலோ கண்சிமிட்டும் விளக்குகள். "ஒற்றைக் கையைத் தூக்கி உத்தரவு கேக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை" என்று ஹாஜியார் மைனரைப் பழிப்பார். "கண்ணடிச்சுக்கொண்டு தெருவால போறது மரியாதையோ?" என்று மாமா திருப்பிக் கேட்பார்.

இத்தனை வாதத்துக்கும் அடியிலே ஒரு வேடிக்கை இருந்தது. இரு வண்டிகளின் முன்மூடியையும் திறந்தால், உள்ளே இருப்பது ஒரே குடும்ப இயந்திரம். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய 'ஏ' வரிசை இயந்திரம்.

அது எவ்வாறு நேர்ந்தது என்பதும் ஒரு பங்காளிக் கதையே. லெனார்ட் லோர்ட் என்பவர் மொரிஸ் நிறுவனத்தில் உயர் பதவி வகித்து, நஃபீல்ட் பிரபுவுடன் பிணங்கி, 1936 இல் வெளியேறினார். 1938 இல் எதிரணியான ஒஸ்டினிற் சேர்ந்தார். நீண்ட பகைக்குப் பின், 1952 இல் இரு நிறுவனங்களும் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் என ஒன்றாயின. ஒஸ்டின் பக்கத்தார் செய்த இயந்திரம் மொரிஸ் மைனருக்குள் புகுந்தது அதன் பின்னர்தான். 1956 இல் ஏ 35 வண்டியும் மைனர் 1000 வண்டியும் இந்த 948 இயந்திரத்துடன் வெளிவந்தன. குடும்பம் ஒன்றாயினும் கடைகள் ஒன்றாகவில்லை. ஒஸ்டின் விற்பவர் ஒஸ்டினையே விற்றார். மொரிஸ் விற்பவர் மொரிசையே விற்றார்.

இந்த இரு வண்டிகளுக்கும் ஒரு பிள்ளை பிறந்த கதையையும் இங்கே சொல்லவேண்டும். 1958 ஆம் ஆண்டு மே மாதம் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிறைற் என்ற சிறு பந்தய வண்டி வெளியிடப்பட்டது. டொனால்ட் ஹீலி அதனை உருவாக்கியபோது, இயந்திரத்தையும் முன்சக்கரத் தாங்கிகளையும் ஏ 35 இலிருந்து எடுத்தார். சுக்கான் அமைப்பை மொரிஸ் மைனரிலிருந்து எடுத்தார். கதவுக்கு வெளிப்பிடி இல்லை. பின்னே பெட்டி மூடியும் இல்லை. முன்மூடியின் மேலே துருத்திக்கொண்டிருந்த இரு விளக்குகளால் அதற்குத் 'தவளைக் கண்' என்று பெயர் வந்தது. வலு 43 குதிரை மாத்திரமே. ஆயினும் எடை குறைவாதலால், அதனை ஓட்டியோர் பறவையாயினர்.

மொரிஸ் பக்கத்து வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 1961 இல் ஸ்பிறைற்றின் இரண்டாம் அமைப்பு வந்த வேளையிலேயே, அதே வண்டி சிறிது மினுக்கும் சிறிது கூடிய விலையும் பெற்று, 'எம்.ஜி. மிட்ஜெற்' என்ற பெயரிலும் வந்தது. இரண்டும் அபிங்டன் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையிற் பிறந்தன. ஸ்பிறைற் 1971 வரையும், மிட்ஜெற் 1979 வரையும் உற்பத்தியாயின. இரண்டையும் சேர்த்து 'ஸ்பிறிட்ஜெற்' என்று ஒரே பெயரால் அழைப்போரும் உண்டு. ஆனால், தன் வண்டியே மூத்தது என்று ஸ்பிறைற் வைத்திருப்பவரும், தன் வண்டியே சீரியது என்று மிட்ஜெற் வைத்திருப்பவரும் வாதிடுவதை எந்தக் கலப்புப் பெயரும் நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலும் அதே தேநீர்க் கடைக் கச்சேரிதான்!

நிற்க. நம் கரையோரம் தட்டையான நிலம். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை ஓடினாலும் ஒரு வண்டியின் வலுவைச் சோதிக்க மேடு ஒன்றில்லை. ஆதலால் 1979 ஆம் ஆண்டிலே இருவரும் மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வண்டி விட்டார்கள். நான் பிறப்பதற்கு முந்திய நிகழ்ச்சி. ஆனால் நான் நேரிற் கண்டவற்றை விட நன்றாக எனக்கு நினைவிருக்கிறது, அத்தனை முறை கேட்டிருக்கிறேன். லுணுகலை ஏற்றத்தில் எடை குறைந்த ஒஸ்டின் முந்திவிட்டது. சற்று மேலே போய், கொதித்துப் புகை கக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மாமா கடந்து போயிருக்கலாம். போகவில்லை. இறங்கி, தண்ணீர் தேடிக் கொணர்ந்து ஊற்றி, ஆறும் வரை இருந்து, ஹாஜியாருடன் சேர்ந்தே பதுளை சென்றார். வென்றவர் யார்? "முந்தினது நான்" என்பார் ஹாஜியார். "முந்த விட்டது நான்" என்பார் மாமா. இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு அது.

பின்னர் 1990 வந்தது. அந்த ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டதும் கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் அஞ்சும் காலமாயிற்று. இரு பக்கத்திலும் இரத்தம் சிந்தியது. இரு பக்கத்திலும் தாய்மார் அழுதனர். ஒரே தமிழைப் பேசி, தாய்வழிக் 'குடி' முறையைப் பொதுவாகப் பேணிவந்த இரு சமூகங்களுக்கிடையே, நடந்து செல்லும் தூரம் கடல் கடந்த தூரமாயிற்று. வெள்ளிக்கிழமைக் கச்சேரி நின்றது. எனக்கு அப்போது பத்து வயது. மாமா மைனரை வெளியே எடுக்காமல், மாட்டுக்கொட்டிலுக்குள் விட்டு, ஓலையால் மூடி வைத்திருந்தார். போதாக்குறைக்கு, இயந்திரத் தலையின் அடியிலிருக்கும் காஸ்கெட் எரிந்துபோயிருந்தது. அக்காலத்தில் அதை எங்கே வாங்குவது?

ஒருநாட் காலை, இரு ஊருக்கும் போய்வந்த முதிய மீன் வியாபாரி ஒருவர், மீன்கூடையின் அடியிலிருந்து கடதாசிப் பொதியொன்றை எடுத்துத் தந்தார். உள்ளே புதிய காஸ்கெட் ஒன்று. கூடவே ஒரு துண்டு. 'ஏழை மொரிசுக்கு ஒஸ்டின் செய்யும் தற்மம்' என்று அதில் எழுதியிருந்தது. மாமா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 'தற்மம்' என்பதைத் 'தர்மம்' என்று திருத்தி, கீழே பத்துக்கு ஆறு புள்ளி இட்டு, அதன் கீழே 'நன்றி' என்று எழுதி, அதே கையில் திருப்பி அனுப்பினார்.

அந்தத் துண்டை ஹாஜியார் பதினான்கு ஆண்டுகள் பேணி வைத்திருந்தார். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் அதைக் கொண்டுபோயிற்று.

அந்த நாளைப் பற்றி நம் பகுதியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹாஜியாரின் வீடும், அவருடைய இளைய மகளும், பேரப்பிள்ளை ஒன்றும் போயின. ஒஸ்டினுடைய உடல், பிய்ந்த தகரமாக ஒரு மதிலோடு ஒட்டிக் கிடந்தது. மாமா செய்தி அறிந்ததும் மைனரை எடுத்துக்கொண்டு போனார். அதன் பின்னிருக்கையிலே அன்று ஏறி இறங்கியோர் எத்தனை பேர் என்பதை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

ஒஸ்டினின் இயந்திரம் மட்டும் தப்பியிருந்தது. மறுசீரமைப்புக்காக அதனைக் கழற்றி, பெருந்தெருவுக்கு மேற்கேயுள்ள ஒரு பட்டறையில் விட்டிருந்தார். உடலைக் கடல் கொண்டது. இருதயம் கரையில் நின்றது. சில மாதங்கள் கழிந்து மாமாவின் வண்டி இயந்திரம் தேய்ந்து முடிந்தபோது, ஹாஜியார் பட்டறைக்காரரை அழைத்து, தம்முடையதை அதிலே பூட்டச் சொன்னார். சில சில்லறை மாற்றங்களுடன் அது பொருந்திவிட்டது. பங்காளிகள் ஆயிற்றே!

மாமா விலை பேச வாயெடுத்தார். ஹாஜியார் கையை உயர்த்தினார். "காசு வேணாம் மாஸ்டர். ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். ஓடுறது எந்தக் கார்?"

"மொரிஸ்" என்றார் மாமா.

"அப்ப வெள்ளிக்கிழமை வாறன், அதைப் பேசித் தீர்ப்பம்" என்றார் ஹாஜியார். மகள் போனபின் அவர் சிரித்தது அன்றுதான் என்று அவருடைய மனைவி பின்னர் என் அம்மாவிடம் சொன்னாராம்.

இருவரும் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். 2022 இல் பெற்றோலுக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, வரிசையில் நின்றவர் ஹாஜியாரின் மூத்த மகன், வண்டி மாமாவுடையது. அந்த 20 லீற்றரில் எத்தனை ஒஸ்டின் குடித்தது, எத்தனை மொரிஸ் குடித்தது என்பது அவ்வாண்டு வழக்கு.

நேயர்களே, 'உள்ளே எல்லாம் ஒன்றுதானே, பெயரிலே என்ன இருக்கிறது?' என்று நம்மிற் பலர் மேடையிற் பேசுகிறோம். கல்லூரி வகுப்பிலே நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இவ்விரு முதியவர்களிடம் அதைச் சொன்னால் இருவருமே கோபிப்பார்கள். பெயரிலே அவர்களுக்கு நிறைய இருக்கிறது. மாமா ஒருநாளும் ஒஸ்டின்காரர் ஆகமாட்டார். ஹாஜியார் மொரிசைப் புகழ்ந்து ஒரு சொல் சொல்லமாட்டார். இயந்திரம் ஒன்றென்பது அவர்களுடைய வேறுபாட்டை அழிக்கவில்லை; அதைத் தாங்கிக்கொள்ள உதவியது, அவ்வளவே.

பங்காளிக் காய்ச்சல் உடையவன், மற்றவனுடைய வண்டி நின்றுவிட வேண்டுமென்று விரும்புகிறான். நல்ல போட்டியாளனோ அது நாளைக்கும் ஓடவேண்டுமென்று விரும்புகிறான்; ஓடினாலல்லவா தன் வண்டி அதனை முந்தலாம்? ஏற்றத்தில் ஊற்றிய தண்ணீரும், மீன்கூடையில் வந்த காஸ்கெட்டும், பட்டறையில் மாறிய இயந்திரமும் இந்த ஒரே விருப்பத்தின் மூன்று வடிவங்கள். ஒரே தெருவிலே பக்கத்துப் பக்கத்தில் வாழவேண்டிய நாம், எல்லை பற்றியும் பெயர் பற்றியும் இனியும் வாதிடத்தான் போகிறோம். வாதிடுவோம். ஆனால், எதிரே நிற்பவருடைய வண்டிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாதிடுவோம்.