சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாதாம் மரம்

பொங்கல் கழிந்த மறு ஞாயிறு, திருவள்ளூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் வந்து ராயபுரத்தில் இறங்கினேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இந்த நிலையத்திலிருந்துதான். இங்கிருந்து கல்மண்டபம் நடக்கிற தூரம். அக்கா வீடு அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரு டூவீலரை நிறுத்திவிட்டால் அடுத்தது ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும்; அவ்வளவுதான் சந்தின் அகலம். காற்று திரும்பினால் காசிமேட்டு மீன் வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

சந்துக் கோடியில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. சுவரில் கரிக்கட்டியால் இழுத்த மூன்று கோடுதான் ஸ்டம்பு. சுவருக்குப் பின்னால் ஏதோ கிடங்கு. பந்து அதைத் தாண்டினால் அவுட். “அடிச்சவன்தான்டா எடுக்கணும்” என்பது சட்டம். சுவரின் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: நான்காக மடித்த ஒரு கோணி. அதைச் சில்லின்மேல் போட்டு, கையூன்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் குதிக்கிறார்கள். கோணியின் நடுவில் நூல் அறுந்து பொத்தலாகியிருந்தது. எத்தனை வருடமாக அந்த வேலையைச் செய்கிறதோ!

வடசென்னையில் பிள்ளைகள் வளர்வது சுவர்களுக்கு நடுவில். துறைமுகச் சுவர், ரயில்வே சுவர், ஆலைச் சுவர், கன்டெய்னர் யார்டுச் சுவர். காலி இடமும் மரநிழலும் பெரும்பாலும் சுவருக்கு உள்ளேதான். விளையாட்டுப் பருவத்துப் பிள்ளை ஒருநாளாவது சுவர் ஏறும். அது தப்பா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து அந்த வயதின் வேலையே அதுதான்.

மத்தியானம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு தீவுத்திடல் பொருட்காட்சிக்கு ஆட்டோவில் கிளம்பினேன். அவனுக்குப் பதினோரு வயது. ராஜாஜி சாலை, ரிசர்வ் வங்கி, கோட்டை எல்லாம் கடந்து போர் நினைவுச் சின்னத்துப் பக்கம் திரும்பியதும் பாதாம் மரங்கள் கண்ணில் பட்டன. தை மாதத்தில் அந்த இலைகள் செக்கச்செவேலென்று பழுத்து உதிரும். காய்க்கும் காலம் அதில்லை. “இதுல காய் இருந்தா ஒடச்சுத் தின்னலாம் சித்தி, செமயா இருக்கும்” என்றான். பாதாங்கொட்டையைக் கல்லில் வைத்து உடைக்கிற வித்தை எனக்கும் தெரியும். குறுக்கே அடித்தால் பருப்பு நசுங்கிப்போகும். விளிம்பில் நிறுத்திவைத்துத் தட்ட வேண்டும். சுண்டுவிரல் நகமளவுப் பருப்புக்காக விரலெல்லாம் சாயம் ஏற்றிக்கொள்வோம்.

அந்தப் பருப்புக்காக ஒரு பிள்ளையின் உயிர் போனது இங்கேதான். 2011 ஜூலை 3, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் குடிசைப் பகுதியான இந்திரா காந்தி நகரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுப் பையன், கூட்டாளிகளோடு ராணுவ அதிகாரிகள் குடியிருப்பின் மதிலேறி உள்ளே போனான், பாதாம் பொறுக்க. அங்கே குடியிருந்த ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். பையன் செத்துப்போனான். ஊரே கொதித்தது. சிபிசிஐடி விசாரித்து அந்த அதிகாரியைக் கைது செய்தது. கூவத்தில் வீசப்பட்டிருந்த துப்பாக்கியைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

தீர்ப்பு அப்படி வந்தது. எனக்கு ஆறாதது வேறொன்று. மாங்காய் திருடுகிற பிள்ளையை அதட்டாத தோட்டக்காரர் உண்டா? “எவண்டா அவன்?” என்று ஒரு சத்தம் போட்டால் போதும், பையன்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்த ஒரே காரணத்தால் அந்தச் சத்தத்தின் இடத்தில் குண்டு வந்து நின்றது.

பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை இருந்தது. “சித்தி, சுடட்டுமா?” என்றான். மனசு கூசியது. வேண்டாமென்று சொல்ல அவன் முகம் விடவில்லை. கடைக்காரர் நடுவயசு. துப்பாக்கியின் குழலை மடக்கிச் சின்ன ஈயக் குண்டைத் திணித்து, கட்டையை அவன் தோளில் பொருத்தி, “மூச்ச அடக்கிக்கோ கண்ணு” என்றார். பத்துக்கு நாலு பலூன் வெடித்தது. நாலாவது வெடித்த சந்தோஷத்தில் அவன் துப்பாக்கியோடு என் பக்கம் திரும்பினான். அது முழுசாகத் திரும்புவதற்குள் கடைக்காரர் குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்க அழுத்திவிட்டார். “உள்ள குண்டு இல்லதான். இருந்தாலும் ஆளப் பாத்துத் திருப்பக் கூடாது, என்னிக்குமே.” குரல் உயரவில்லை. ஆனால் பிடித்த கையின் நரம்பு புடைத்திருந்தது. பையன் அதற்கப்புறம் சுடவில்லை, எலந்த வடை கேட்டான்.

துப்பாக்கி என்றால் அமெரிக்காவின் தலைவலி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அங்கே நிலைமை மோசம்தான். 2020-ல் அந்நாட்டில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்கள் அதிகம் இறந்தது துப்பாக்கியால். சாலை விபத்தையே அது தாண்டிவிட்டது. டாலஸில் இருக்கும் என் தோழி, மகளை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன் “உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். 2023 ஏப்ரலில் வட கரோலினாவின் காஸ்டன் கவுன்ட்டியில், கூடைப்பந்து பக்கத்து வீட்டு முற்றத்துக்கு உருண்டுபோனதில் தகராறாகி, ஒருவன் சுட்டதில் ஆறு வயதுச் சிறுமியும் அவள் அப்பாவும் காயப்பட்டார்கள். அங்கே பந்து, இங்கே பாதாங்கொட்டை.

நம் ஊரில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நல்ல கட்டுப்பாடு இது; தளர்ந்துவிடவே கூடாது. ஆனால் சீருடைக்காரர் கையிலிருக்கும் துப்பாக்கியும் பிள்ளைகள் நடமாடும் ஊரில்தான் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை நார்த்தாமலையில் தாத்தா வீட்டிலிருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்தான். அவன் எந்தச் சுவரும் ஏறவில்லை. வீட்டில்தான் இருந்தான். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு சுடுதளம் இருந்தால், குண்டு எங்கே போய் விழும் என்று கேட்க அங்கே வசிக்கிறவர்களுக்கு உரிமை உண்டு.

ராத்திரி அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் பால் வாங்கப் போனபோது அதே சந்துக் கோடி, அதே ஆட்டம். அக்கா பையன்தான் தூக்கி அடித்தான். பந்து கிடங்குக்குள் போய் விழுந்தது. கோணியை எடுத்து வீசிவிட்டு அவன் பாதிச் சுவர் ஏறுவதற்குள் உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. நான் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். சுவருக்கு மேலே காக்கித் தொப்பி ஒன்று தெரிந்தது, அடியில் ஒரு நரைத்த மீசை.

“இருடா, எறங்காத. கோணி நழுவிக் கெடக்குது பாரு, கையக் கிழிச்சுக்கப் போற” என்றார் காவலாளி. அப்புறம் பந்தைத் தேடிக் குனிந்தார்.