கீழாநெல்லியும் கொக்கி இல்லாத பெட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்க. பத்து நாளாச்சு. வாட்ஸ்அப்ல வந்ததை நம்பி கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

என்ன மாத்திரைடா என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. எச்.ஐ.வி.க்கு, 2004-லிருந்து தாம்பரம் சானடோரியத்தில் வாங்குகிறார்கள் என்றான். (அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார், எந்தத் தெரு என்று யாரும் விசாரிக்க வேண்டாம்.)

அவன் என்னிடம் 1994-ல் பத்தாம் வகுப்பு படித்தவன். அப்பா லாரி ஓட்டுநர். அந்த வருடம் இறந்தார். டி.பி. என்றார்கள். அதே வருடம் வகுப்பில் நான், "எய்ட்ஸுக்கு மருந்தே கிடையாது, வந்தால் சாவுதான்" என்று சாக்பீஸை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவன் மூன்றாவது பெஞ்சில் இருந்தான்.

நான் சொன்னது அன்றைக்கே தவறு. டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் 1964-ல் புற்றுநோய்க்காகச் செய்து, பயன்படவில்லை என்று ஒதுக்கிய ஒரு பொருள் இருந்தது. ஏ.இசட்.டி. என்பார்கள். 1985-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாக்கி மிட்சுயா என்ற ஜப்பானியர், வைரஸோடு வளர்த்த செல்களில் அதைக் கலந்து பார்த்தார். செல்கள் சாகவில்லை. 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தக் கிருமி இந்தியாவில் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது அதற்கு முந்தைய வருடம், 1986-ல்தான்.

மறுநாளே ஆவடிக்குப் போனேன். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "மஞ்சக்காமாலைக்குக் கேக்குதே வாத்தியாரய்யா, இதுக்குக் கேக்காதா?" என்றார்.

நல்ல கேள்வி. சும்மா மூடநம்பிக்கை என்று தள்ள என்னால் முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியைக் கல்லீரல் அழற்சி பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து, 1988-ல் லான்செட்டில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2003-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கீழாநெல்லிச் சாறு எச்.ஐ.வி. பெருகுவதைத் தடுப்பதாகவும் கண்டார்கள். ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். குடித்த சாறு வயிற்றையும் கல்லீரலையும் தாண்டி, போதிய அளவு ரத்தத்தில் போய் நிற்குமா என்பது வேறு கேள்வி. வாட்ஸ்அப்காரர் முதல் பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

ஆவடியில் ரயிலைக் காட்டித்தானே விளக்க முடியும்? கிருமி நம் செல்லுக்குள் புகுந்து, பெட்டி பெட்டியாகக் கோத்து தன் நகலைச் செய்கிறது. ஏ.இசட்.டி. பார்வைக்கு அசல் பெட்டி மாதிரியே இருக்கும். ஆனால் பின்பக்கம் கொக்கி இல்லை. அதை மாட்டிவிட்டால் அடுத்த பெட்டி சேராது. வண்டி அங்கேயே நின்றுவிடும். அந்த அம்மா இப்போது சாப்பிடும் ஒரே மாத்திரைக்குள் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள். முதல் இரண்டும் இதே வேலையைச் செய்கின்றன. மூன்றாவது, செய்து முடித்த நகல் நம் மரபணுவில் போய் ஒட்டாமல் தடுக்கிறது. ஏற்கெனவே ஒட்டியதை எதுவும் பிடுங்காது. அதனால்தான் நிறுத்தினால் கிருமி மறுபடி கிளம்பும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப அவருக்கு மருந்து இருந்துச்சா?" என்றார்.

இருந்தது. ஐதராபாத்தில் ஏ.வி. ராமாராவ் குழு கண்டுபிடித்த முறையில் சிப்லா 1993-லேயே இங்கே தயாரித்தது. அந்த ஒரு மருந்து மட்டும் என்றால் கிருமி சீக்கிரம் பழகிக்கொள்ளும். மூன்றைச் சேர்த்துக் கொடுப்பது 1996-ல்தான் வந்தது. வெளிநாட்டில் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன அதை 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று.

இவ்வளவையும் சொல்லவில்லை. "இருந்துச்சும்மா, நமக்கு எட்டுற விலையில இல்ல" என்றேன். நான் வகுப்பில் பேசியதையும் சொன்னேன். அவன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். "எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை மூவரும் தாம்பரம் போனோம். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்லி ரத்தம் எடுத்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை.